முப்பது நோன்பும் பிடிக்கக் கிடைத்த வருடம்

டொக்டர் என் சீனியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நானோ முப்பதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

கண்டி டவுனில் மாடிப்படி ஏறிப் போகிற சின்ன கிளினிக் அது. டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண், என்னைவிட நாலைந்து வயது இளையவராக இருப்பார். இரத்தப் பரிசோதனைத் தாளை மேசையில் விரித்து, பேனையால் தட்டித் தட்டி ஒவ்வொன்றாக விளங்கப்படுத்தினார். சீனி கூடியிருக்கிறது. கெட்ட கொழுப்பு கூடியிருக்கிறது. ஒரே வருடத்தில் நிறை ஆறு கிலோ கூடியிருக்கிறது. பிறகு, கடைசியாக மாதவிடாய் வந்தது எப்போது என்று கேட்டார். போன நோன்பு மாதத்தில், மூன்றாம் நோன்பன்று என்றேன். அன்று நான் பட்ட எரிச்சல் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. டொக்டர் விரல் மடித்துப் பார்த்தார்.

"பதினொரு மாசம் ஆகுது. பன்னிரண்டு மாசம் முழுசா வராமல் விட்டாத்தான் நிண்டிட்டுது எண்டு சொல்லுவம். ஆனா உங்கட வயசுக்கு இனி வராது எண்டுதான் நான் நினைக்கிறன்."

"அப்ப எனக்கு முப்பதும் புடிக்க ஏலும்!" என்று கதிரையிலிருந்து எழும்பியே விட்டேன்.

"எது முப்பது?" என்றார் டொக்டர்.

பாவம், அவருக்கு எப்படி விளங்கும்! மாதவிடாய் நாட்களில் நாங்கள் நோன்பு பிடிப்பதில்லை. விட்ட நாட்களைப் பெருநாள் முடிந்த பிறகு தனித்தனியாகப் பிடித்து நிரப்ப வேண்டும். பதின்மூன்று வயதிலிருந்து ஐம்பத்திரண்டு வயது வரை, ஒரு வருடம்கூட நான் அந்த மாதத்தை ஒரேயடியாகப் பிடித்து முடித்ததில்லை. வயிற்றில் பிள்ளை இருந்த வருடங்களில் வாந்தி, பால் கொடுத்த வருடங்களில் மயக்கம், மற்ற எல்லா வருடமும் நடுவில் ஐந்தாறு நாள் வெட்டு. என் கணவர் வருடா வருடம் பிடிக்கிறார். என் மகன் பன்னிரண்டு வயதிலேயே முழுதும் பிடித்துவிட்டுத் தெருவெல்லாம் பெருமையடித்தான். எனக்கு மட்டும் கிடைக்கவே இல்லை. இப்போது கிடைக்கப் போகிறது, இன்னும் மூன்றே வாரத்தில்!

இதையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன். டொக்டர் பேனையை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "உங்களுக்குச் சீனி வருத்தம் எண்டு நான் சொன்னது கேட்டதோ?" என்றார்.

கேட்டது, கேட்டது. செவிடா நான்? அந்த நேரத்தில் அது எனக்கு இரண்டாவது செய்தியாகப் பட்டது, அவ்வளவுதான்.

எப்படியும் என் உடம்பில் ஏதோ நடக்கிறது என்று எனக்கு முன்பே தெரியும். அக்குறணையில் எங்களுக்கு ஒரு கடை இருக்கிறது. முன்பக்கத்தில் கணவர் துணி விற்பார். பின்பக்கத்தில் பெண்களுக்கு அபாயாவும் சட்டையும் அளவெடுத்துத் தைத்துக் கொடுப்பது என் வேலை. அளவு நாடா நாள் முழுக்க என் கழுத்தில்தான் கிடக்கும். ஊரில் உள்ள இடுப்பையெல்லாம் அளந்தவள் என் இடுப்பை மட்டும் அளக்காமலே இருந்தேன். ஒரு நாள் துணிந்து சுற்றிப் பார்த்தால் நாற்பத்தியொன்று! நாடா சுருங்கிவிட்டதோ என்று அதைச் சந்தேகப்பட்டேன். பாருங்கள், முன்பு சாப்பிட்டதைத்தான் சாப்பிடுகிறேன், முன்பு நடந்த அளவுதான் நடக்கிறேன். கையும் காலும் அப்படியே இருக்க, வயிறு மட்டும் தனக்கென்று ஒரு வழியில் போய்க்கொண்டிருந்தது.

டொக்டர் அதற்கும் பதில் வைத்திருந்தார். "ஈஸ்ட்ரஜன் எண்ட ஹோர்மோன் குறையேக்க கொழுப்பு இடம் மாறும். முந்தித் தொடையிலயும் இடுப்பிலயும் கிடந்தது இப்ப வயித்துக்க வந்து குந்தும். அங்க குந்திக்கொண்டு இன்சுலின ஒழுங்கா வேலை செய்ய விடாது. உங்கள்ல பிழை இல்லை. ஆனா இனி நீங்கள்தான் பாத்துக்கொள்ள வேணும்."

உங்களில் பிழை இல்லை என்றாரே, அந்த ஒரு வார்த்தைக்கு அவருக்கு ஒரு அபாயா இலவசமாகத் தைத்துக் கொடுக்கலாம் போல இருந்தது. அவர் போட மாட்டார் என்பது வேறு விஷயம்.

"நோம்பு புடிச்சா மெலிவேன் தானே டொக்டர்?" என்று கேட்டேன்.

"போன வருசம் மெலிஞ்சனீங்களோ?"

ஒவ்வொரு நோன்பு மாதமும் நான் இரண்டு கிலோ ஏறித்தான் இறங்குவேன். இறங்குவேன் என்பதும் பொய், ஏறுவேன். பகலெல்லாம் பட்டினி கிடந்துவிட்டு, மாலையில் பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் ரோல்ஸ், சமோசா, பெட்டிஸ், கஞ்சி, அதற்கு மேல் ஒரு பலூடா, பிறகு சோறு என்று போனால் எந்த உடம்புதான் மெலியும்?

டொக்டர் இரண்டு மருந்துக் குளிசைகளை எழுதித் தந்து, சட்டங்களை வரிசையாகப் போட்டார். பெரிய குளிசை நோன்பு திறந்த பிறகு. சீனியை வேகமாக இறக்குகிற சின்னக் குளிசை அதே நேரத்தில் பாதி மட்டும். விடிவதற்கு முன் சாப்பிடுகிற சஹருக்கு அதைத் தொடவே கூடாது. பொரித்தது ஒன்றுக்கு மேல் வேண்டாம். தசை கரைந்தால் சீனி எரிவதற்கு இடமில்லை, ஆகவே பாரம் தூக்க வேண்டும். பகலில் இரண்டு தரம் விரலில் குத்திச் சீனி பார்க்க வேண்டும். கடைசிச் சட்டத்தைச் சொல்லும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எழுபதுக்குக் கீழ போனா உடனே நோன்பை முறிக்க வேணும். மணி பாக்கக் கூடாது. என்னோட வாதாடவும் கூடாது. ஓமோ?"

"ஓம்" என்றேன். அந்த நேரத்தில் என்னை மலையேறச் சொல்லியிருந்தாலும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

விரலில் குத்தி இரத்தம் எடுத்தால் நோன்பு முறிந்துபோகும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படி நினைத்துக்கொண்டு மிஷினை அலுமாரிக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள். கணவர் பள்ளிவாசலில் மௌலவியிடம் கேட்டு வந்தார். முறியாது என்று தெரிந்தது. அவரிடம் நான், "இந்த முற முப்பதும் புடிக்கப் போற" என்று சொன்னபோது, காரணம் விளங்கிக் காது சிவந்து, "மாஷா அல்லாஹ்" என்று பேப்பருக்குள் தலையை நுழைத்துக்கொண்டார். கல்யாணம் முடித்து இருபத்தேழு வருடத்தில் இந்த விஷயத்தைப் பற்றி நாங்கள் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

என்னோடு பேசுவதற்கு அக்கா இருந்தார். அக்கா என்று நான் கூப்பிடுவது கடையில் பதினெட்டு வருடமாக என்னோடு தைக்கிறவரை. மடுல்கெல்லத் தோட்டத்தில் பிறந்தவர்; இப்போது குண்டசாலையில் இருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார். என்னைவிட மூன்று வயது மூப்பு. அவருக்கு எல்லாம் நின்று நாலு வருடம் ஆகிவிட்டதால், என் சந்தேகத்துக்கெல்லாம் அவர்தான் புத்தகம். எனக்குத் திடீரென்று கழுத்திலிருந்து சூடு கிளம்பி முகமெல்லாம் பரவும்போது, நான் வாய் திறக்கும் முன்பே, "வந்துருச்சா? இருங்க, ஃபேன போடுறேன்" என்று எழுந்துவிடுவார். அபாயா அளவெடுக்க வந்த பெண்களெல்லாம் குளிரில் முந்தானையைப் போர்த்திக்கொள்ள, நான் ஃபேனுக்கு நேராக நின்று வேர்ப்பேன்.

"முப்பது நாளும் தண்ணிகூட இல்லாமலா? இந்தச் சூட்டோடயா?" என்றார் அக்கா.

"புடிப்பேன்! பாத்துக்கொண்டிருங்க!"

"புடிங்க, புடிங்க. ஒங்கள யாரு புடிக்கிறது?" என்று சிரித்தார்.

பிறை கண்டு நோன்பு தொடங்கியது. முதல் மூன்று நாளும் நான் பட்ட பாடு! பசியால் இல்லை, பயத்தால். பதினொரு மாதமாக வராதது இந்த நேரம் பார்த்து வந்து தொலைத்தால்? பாத்ரூமுக்குப் போகும்போதெல்லாம், யா அல்லாஹ், இன்றைக்கு வேண்டாம் என்று கெஞ்சிக்கொண்டே போனேன். மூன்றாம் நோன்பு போனது. ஐந்து போனது. ஏழு. வாழ்க்கையில் முதல் தடவையாக என் உடம்பு எனக்கு இடைஞ்சல் செய்யாமல் ஒதுங்கி நின்றது.

சட்டங்களையும் ஒழுங்காகத்தான் பிடித்தேன். சஹருக்குச் சிவப்பரிசிச் சோறு, முட்டை, கீரை. நோன்பு திறக்க ஒரு பேரீச்சம்பழம், ஒரு கோப்பை கஞ்சி, ஒரே ஒரு ரோல்ஸ். அந்த ஒரு ரோல்ஸை எவ்வளவு நேரம் மென்றேன் என்று என் மகனிடம் கேட்டுப் பாருங்கள். பாரம் தூக்குவதற்குக் கடையிலேயே துணிச் சுருள்கள் இருந்தன. முன்பெல்லாம் கணவரைக் கூப்பிட்டு இறக்கச் சொல்லுகிறவள், இப்போது நானே மேல்தட்டிலிருந்து இறக்கி, வேலையில்லாவிட்டாலும் திரும்ப ஏற்றினேன். "இந்தச் சுருள் என்ன பாவம் செஞ்சிச்சி?" என்று கணவர் கேட்டார். விடுவேனா!

நோன்பு மாதம் வருடா வருடம் பதினொரு நாள் முந்தி வருவதால், கலண்டர்படி பன்னிரண்டு மாதம் நிறைந்தது பதினான்காம் நோன்பன்றுதான். காலையில் கடைக்கு வந்த அக்காவின் கையைப் பிடித்து, "நிறைஞ்சிட்டு அக்கா, நிறைஞ்சிட்டு!" என்று குதித்தேன். அக்கா தையல் மிஷினைத் தட்டிக் கொட்டு அடித்தார். "அப்ப இனி நீங்களும் நம்ம கட்சி!" என்றார். பெரிய பிள்ளை ஆனபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. அன்று வீட்டில் எல்லோரும் என்னை ஒரு அறைக்குள் இருத்திவிட்டுக் குசுகுசுவென்று பேசினார்கள். இன்று நானும் அக்காவும் கடைக்குள் கத்திச் சிரித்தோம். வெளியே நின்ற கஸ்டமர் ஒருத்தி என்ன மலிவு விற்பனை என்று எட்டிப் பார்த்தாள்.

இருபதாம் நோன்பன்று நாடாவைச் சுற்றினேன். நாற்பது! ஒரு அங்குலம் என்னைவிட்டுப் போயிருந்தது. நிறை ஒன்றரைக் கிலோ இறங்கியிருந்தது. சீனியும் நல்ல பிள்ளையாக இருந்தது. இன்னும் பத்து நாள். நான் நடந்த நடையில் கால் நிலத்தில் பட்டதா என்று எனக்குத் தெரியாது.

அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது.

இருபத்திரண்டாம் நோன்பு திறக்கக் கணவரின் தங்கை எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். சாப்பாடெல்லாம் முடிந்த பிறகு இனிப்புக்கு வட்டிலப்பம் வந்தது. நான் கையை எடுத்துக்கொண்டேன்.

"ஒரு கரண்டி மட்டும் மச்சி. ஒங்களுக்கு சீனி ஈக்கிதுன்னு தானே, சீனியே போடாம சுத்தமான கித்துள் கருப்பட்டில செஞ்ச!"

கித்துள் கருப்பட்டி என்றால் சீனி இல்லை என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. கித்துள் மரத்துக்கும் என் இரத்தத்துக்கும் ஏதோ தனி ஒப்பந்தம் இருப்பதுபோல் நானும் அதை நம்பினேன். பொய் சொல்லக் கூடாது, நம்பவில்லை, நம்ப ஆசைப்பட்டேன். ஒரு கரண்டி இரண்டு கோப்பை ஆனது. தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் மணக்க மணக்க, யா அல்லாஹ், என்ன ருசி!

சஹருக்கு எழும்பி மிஷினில் பார்த்தால் எண் கூடிப்போய் நின்றது. இருபத்திரண்டு நாளாக இல்லாத எண். டொக்டரிடம் காட்ட வேண்டிய கொப்பியில் இதை எழுதினால் ஏசுவார். என் புத்தி போன போக்கைப் பாருங்கள்: கூடினதை இறக்கத்தானே சின்னக் குளிசை இருக்கிறது? பாதி என்ன பாதி, செய்த பிழை முழுசு என்றால் குளிசையும் முழுசாக இருக்கட்டும் என்று ஒன்றை விழுங்கிவிட்டுத் தொழுகைக்குப் போனேன். கடையில் ஒரு சட்டை கூடுதலாக வெட்டிவிட்டால் துணியைச் சரிக்கட்டுகிற மாதிரி நினைத்துக்கொண்டேன். எவ்வளவு மடைத்தனம்!

இருபத்திமூன்றாம் நோன்பு பகலில் கடை நிரம்பி வழிந்தது. பெருநாளுக்கு ஒரு வாரம்தான். மூன்று மணியளவில் எனக்கு வேர்க்கத் தொடங்கியது. கை நடுங்கியது, நெஞ்சு அடித்தது. சரிதான், வழக்கமான சூடு வந்துவிட்டது என்று ஃபேன் பக்கமாக நகர்ந்தேன். இரண்டு வருடமாக நாளுக்கு நாலு தரம் வருகிறதுதானே? ஐந்து நிமிடத்தில் போய்விடும். முன்னால் நின்ற பெண்ணின் மார்பைச் சுற்றி நாடாவைப் போட்டு, "இருபத்தாறு" என்றேன். அவள் உடம்பில் என்னைவிடப் பெரியவள்.

அக்கா கத்தரிக்கோலை வைத்துவிட்டு வந்தார். என் புறங்கையைத் தொட்டார். பிறகு கழுத்தைத் தொட்டார்.

"தங்கச்சி, இது அது இல்ல. அது வந்தா ஒடம்பு காந்தும். ஒங்க கை ஜில்லுன்னு இருக்குங்க."

"ஒன்டுமில்ல அக்கா. போகும்."

"எங்க அந்த மிஷினு?"

என் கைப்பையை அவரே திறந்து, என் விரலை அவரே பிடித்துக் குத்தினார். ஐம்பத்திநாலு.

நான் அந்த எண்ணைப் பார்த்தேன், பிறகு சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். மூன்று பத்து. நோன்பு திறக்க ஆறு இருபது ஆகும். மூன்று மணித்தியாலமும் பத்து நிமிடமும். இருபத்திரண்டு நாள் போனது, இது போகாதா? கொஞ்சம் படுத்துக்கொண்டால்? அக்கா பிளாஸ்கிலிருந்து தேநீரை ஊற்றி, சீனியை அள்ளிப் போட்டுக் கலக்க ஆரம்பித்தார். அந்தக் கரண்டிச் சத்தம் கேட்டதும் எனக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம்!

"வேணாம்! நான் தொறக்க மாட்டேன்! நாப்பது வருஷமா காத்துக்கொண்டீந்த எனக்கு, இந்த மூணு மணித்தியாலம் இருக்க ஏலாதா? ஒங்களுக்கு என்னக்கா தெரியும் என்ட நோம்பப் பத்தி?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று என் காதில் விழுந்தது. அக்காவின் கரண்டி நிற்கவில்லை.

"ஒங்க நோன்பப் பத்தி எனக்குத் தெரியாதுதாங்க. சீனி எறங்குறதப் பத்தி நல்லாத் தெரியும். எங்க வீட்டுக்காரரு இப்படித்தான், ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு சொல்லிக்கிட்டே பஸ்ஸுக்குள்ள விழுந்தாரு. கண்ணு முழிக்க ரெண்டு நாளாச்சு. என்னைய ஏசணும்னா ஏசுங்க. குடிச்சிட்டு ஏசுங்க."

இன்னொரு கையால் என் ஃபோனை எடுத்து டொக்டருக்குக் கோல் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டார். எண்ணைச் சொன்னார். டொக்டரின் குரல் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை.

"இப்பவே முறியுங்கோ. இப்பவே. நீங்கள் எனக்கு ஓம் எண்டு சொன்னனீங்கள்."

சொன்னேன்தான். கோப்பையை வாங்கிக்கொண்டேன். வாங்கிய கையோடு, நான் நினைக்காமலே, என் கால்கள் என்னை உடுப்புப் போட்டுப் பார்க்கிற மூலைக்குக் கொண்டுபோய்விட்டன. திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்று குடித்தேன். இரண்டு பேரீச்சம்பழத்தையும் மென்றேன். கண்ணீர் தேநீருக்குள் விழுந்தது. ஐயோ, எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது! பச்சைப் பிள்ளை மாதிரி விம்மினேன்.

அக்கா திரைக்கு வெளியே நின்றபடி கேட்டார். "தங்கச்சி, யாருக்கு ஒளிஞ்சு குடிக்கிறீங்க? நீங்க என்னா களவா எடுத்தீங்க?"

ஒளியாமல் எப்படிச் சாப்பிடுவது? நோன்பு மாதத்தில் பகலில் நான் வாயில் வைத்த ஒவ்வொரு கவளமும் ஒளித்து வைத்ததுதான். மாதவிடாய் என்று வீட்டு ஆண்களுக்குத் தெரியக் கூடாது. அதனால் நோன்பில்லாத நாளிலும் சஹருக்கு எழும்பி அவர்களோடு உட்கார வேண்டும். பகலில் பசித்தால் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று பாண் துண்டை விழுங்க வேண்டும். வாப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டால் மெல்லாமல் விழுங்க வேண்டும். மாலையில் எல்லோரோடும் மேசையில் உட்கார்ந்து, காய்ந்த முகத்தோடு பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துப் பாங்குக்குக் காத்திருக்க வேண்டும். உம்மா எனக்குச் சொல்லித் தந்தார், நான் என் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். கணவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்த மாதிரிக் காட்ட மாட்டார். இருபத்தேழு வருடமாக நான் நடிக்க, அவர் நம்புகிற மாதிரி நடிக்க, இப்படியே போய்க்கொண்டிருந்தது.

கால் மணித்தியாலத்தில் மிஷின் தொண்ணூற்றியாறு காட்டியது. கை நடுக்கம் நின்றது. அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அந்த இருபத்தாறு அங்குலப் பொம்பளைய மறுபடி அளங்க, பாவம் நிக்கிறா" என்று சொல்லி என் கழுத்தில் நாடாவைப் போட்டுவிட்டார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரிப்பதற்குள் எனக்குத் திரும்ப அழுகை வந்தது, அழுவதற்குள் திரும்பச் சிரிப்பு வந்தது. ஹோர்மோன் என்பது இதுதான் போலிருக்கிறது.

ஆறு மணிக்கு வீட்டு மேசையில் நாலு பேரும் உட்கார்ந்தோம். நானும் கணவரும், மகனும், அண்ணன் அவனை நானா என்று கூப்பிடுகிற இருபது வயது மகளும். நடுவில் ரோல்ஸ் தட்டு, கஞ்சிக் கோப்பைகள், பேரீச்சம்பழம். என் கை தானாகப் போய் ஒரு பழத்தை எடுத்து வைத்துக்கொண்டது. முகம் தானாகக் காய்ந்தது. எத்தனை வருடப் பழக்கம், ஒரு பிழையும் விடவில்லை. அப்போது கணவர், வழக்கத்தில் இல்லாத விதமாக, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்டைக்கு இருவத்திமூணு. மாஷா அல்லாஹ்!" என்றார்.

அட மனுசா, நீங்களும் எண்ணிக்கொண்டா இருந்தீர்கள்! ஒரு வார்த்தை சொல்லாமல், ஒவ்வொரு நாளாக, என்னோடு சேர்ந்து! தலையை ஆட்டிவிட்டால் போதும். அக்காவையும் டொக்டரையும் அளவெடுக்க வந்த பெண்ணையும் தவிர யாருக்கும் தெரியப் போவதில்லை; முன்பக்கக் கூட்டத்தின் இரைச்சலில் இவருக்கு ஒன்றும் கேட்டிருக்கவில்லை. பழத்தை மேசையில் வைத்தேன்.

"இல்ல. இன்டைக்கு எனக்கு நோம்பில்ல. சீனி எறங்கி, மூணு மணிக்கே தொறந்துட்ட. குளிசைய கூடப் போட்டது என்ட பிழ. கடைல, திரைக்குப் பின்னால ஒளிஞ்சி நின்டு குடிச்ச." முந்தானையால் மூக்கைத் துடைத்தேன். "எனக்கு முப்பதும் புடிக்க சரியான ஆசையா ஈந்திச்சி."

மகன் கஞ்சிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கணவர் எழுந்து என் பக்கமாக வந்தார். "இப்ப எவ்வளவு?" என்று கேட்டார். நோன்பைக் கேட்கிறாரா என்று ஒரு கணம் விளங்கவில்லை. "சீனி இப்ப எவ்வளவு?" என்றார். சொன்னேன். என் தலையில் கையை வைத்தார், பிள்ளைகளுக்கு முன்னால். "ஏன் எனக்கு அப்பவே சொல்லல்ல? நான் முன்னுக்குத்தானே ஈந்த?" என்றார். அவருக்கும் எனக்கும் நடுவில் அன்று பகல் இருந்தது ஒரு துணித் திரை மட்டும்தான்.

அப்போது மகள் தன் கையிலிருந்த பேரீச்சம்பழத்தைத் தட்டில் வைத்தாள். அவள் முகம் முழுக்கச் சிவந்திருந்தது.

"உம்மா," என்றாள். பிறகு என்னைப் பார்க்காமல், நேராக வாப்பாவைப் பார்த்தாள். "வாப்பா, எனக்கும் நோம்பில்ல. மூணு நாளா. காலையில இருந்து ஒன்டும் சாப்பிடல்ல. நானா வீட்டுல ஈந்ததால குசினிக்குப் போக ஏலாமப் போச்சி."

மகன் காதுவரை சிவந்து, "நான் வெளிய போயீப்பேனே, சொல்லீந்தா" என்று முணுமுணுத்தான். கணவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு ரோல்ஸ் தட்டை எடுத்து, எனக்கு நேராகவும் இல்லாமல் தனக்கு நேராகவும் இல்லாமல், அவளுக்கு நேராகத் தள்ளினார்.

"பசியோட ஏன் பாத்துக்கொண்டீக்கிற? சாப்பிடுங்க மகள்."

பாங்குக்கு இன்னும் ஏழு நிமிடம் இருந்தது. என் மகள் தன் வாப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தாள்.